மலைநாட்டு வாசலில் ஒரு கடல்

மலர்வளையம் என்றதும் தமிழருக்கு நினைவில் எழுவது துக்க வீடு. மேனாட்டாருக்கோ அது வாசற்கதவின் அணியுமாகும். மாவிலைத் தோரணத்துக்கு ஒப்பானது. ஏப்ரல் மாதத்து வசந்த காலத்தில் நுவரெலியா, அட்டன் தோட்டங்களின் லயத்து வாசலுக்கும் பழஞ்சேலையால் அத்தகையதோர் அணி செய்தல் கூடும்.

2003ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ என்னும் சித்திரத் திரைப்படத்தின் நாயகன் ஒரு கோமாளி மீன். செம்மஞ்சள் உடலில் மூன்று வெண்பட்டைகள் கொண்ட இம்மீன், கொட்டும் இயல்புடைய கடற்சாமந்தியின் இழைகளுக்கிடையே அச்சமின்றி வாழ்கிறது. உடலைப் போர்த்திய கோழைப் படலமே அதற்குக் காப்பு.

அக்கடற்சாமந்தியே இவ்வணியின் வடிவம். சாண் அகலமுள்ள கம்பி வளையத்தின்மீது முதலில் பொலித்தீன் நாடாவைச் சுற்றுதல் வேண்டும். இன்றேல் பனிமூட்டத்தின் ஈரத்தால் கம்பி துருவேறித் துணியைக் கறைப்படுத்தும். பின்னர், நீலமும் பச்சையுமான சேலைத் துணியை ஓரங்குல அகலம், ஆறங்குல நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாய் வளையத்தில் நெருக்கமாக முடிச்சிடுதல் வேண்டும். நெசவுக்குக் குறுக்கே சரிவாக வெட்டினால் நூல் எளிதில் பிரியாது. இழைகளுக்கிடையே பஞ்சடைத்த துணிமீன் ஒன்றை அமர்த்தினால் வேலை முடிந்தது.

6,000 அடிக்கு மேல் பிறந்து, அலையோசை கேளாது வளரும் பிள்ளைகள் உண்டு. அவர்தம் முன்னோரோ 19ஆம் நூற்றாண்டில் அக்கடலைத் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்தே இம்மலையை அடைந்தனர். பாட்டியின் சேலையில் உருவான இக்கடலின் அருகே பிள்ளைகளை அமர்த்தி, அவ்வரலாற்றையும் சொல்லி வைத்தல் நன்று.