டிஸ்கோவின் இடது கால்

டிஸ்கோ இசையைப் பழித்தவர்கள் பெரும்பாலும் அதன் மேளத்திலிருந்தே தொடங்கினார்கள். பாட்டுக்குப் பாட்டு மாறாமல் ஒலிக்கும் இயந்திரத் தட்டு என்பதே 1970-களின் ராக் ரசிகர்கள் அதன்மேல் சுமத்திய குற்றம். ஆனால் அந்தத் தட்டு உருப்பெற்றது எந்த இயந்திரத்திலும் அல்ல. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், சிக்மா சவுண்ட் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஏர்ல் யங் என்ற டிரம்ஸ் கலைஞரின் கைகால்களில்தான்.

கென்னி கேம்பிள், லியோன் ஹஃப் இருவரும் எழுதி, ஹெரால்ட் மெல்வினும் புளூ நோட்ஸ் குழுவினரும் 1973-இல் வெளியிட்ட ‘த லவ் ஐ லாஸ்ட்’, காதலை இழந்தவனின் ஏக்கத்தைச் சொல்லும் மெதுநடைப் பாடலாகவே முதலில் எண்ணப்பட்டது. ஒலிப்பதிவின்போது அதன் வேகம் கூடியது. காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும் பெரிய மேளமான பேஸ் டிரம்மை, அதுவரை வழக்கத்தில் இருந்ததுபோல் விட்டுவிட்டு அடிக்காமல், தாளச் சுற்றின் நான்கு அடிகளிலும் யங் ஒலிக்கவிட்டார். ‘ஃபோர் ஆன் த ஃப்ளோர்’ என்று இசைக்கலைஞர்கள் குறிப்பிடுவது இந்த நடையைத்தான். இரண்டாம், நான்காம் அடிகளில் ஸ்நேர் என்னும் சிறுமேளம் விழுந்தது. அது பழைய வழக்கமே.

உண்மையான நுட்பம் ஹை-ஹாட்டில் இருந்தது. ஜால்ராவைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பத்தில் பொருத்தப்பட்ட இரண்டு தட்டுகளே ஹை-ஹாட். இடது கால் மிதியை அழுத்தினால் அவை மூடிக்கொண்டு சுருக்கமாக ஒலிக்கும், கால் சற்றே உயர்ந்தால் திறந்துகொண்டு நீண்டு சீறும். ஓர் அடியை நான்காகப் பகுத்துக் குச்சியால் நுணுக்கமாகத் தட்டிக்கொண்டே போய், இரண்டு அடிகளுக்குச் சரிநடுவில் மட்டும் தட்டைத் திறந்து, அடுத்த அடி விழும் கணத்தில் மூடிவிடுவது யங்கின் முறை. பேஸ் டிரம் பாதத்தைத் தரையில் ஊன்றச் செய்யும்போது, திறந்த ஹை-ஹாட் அதை மேலே தூக்குகிறது. ஆடுபவர் உணரும் துள்ளலுக்குப் பெரிதும் காரணம் இந்த இடது காலே அன்றி, எல்லோர் காதிலும் முதலில் விழும் அந்த நான்கு இடிகள் அல்ல.

நடனக்கூடங்களில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய டிஜேக்களுக்கு இந்தச் சீரான அடி வேறொரு வகையிலும் உதவியது. ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் அடிக்கு அடி பொருத்தி, ஆட்டம் நிற்காமல் கொண்டுசெல்ல அது வழிவகுத்தது. அவ்வாறு நீளும் ஆட்டத்திற்கு மூன்று நிமிடப் பாட்டு போதாதபோது, மேளம் தனித்து ஒலிக்கும் பகுதிகளை நீட்டுவதில் பெயர்பெற்ற நியூயார்க் டிஜே வால்டர் கிப்பன்ஸ், டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பெர்சென்ட்’ பாடலை ஒன்பது நிமிடத்துக்கு மேல் விரித்தார். 1976-இல் அது பன்னிரண்டு அங்குல இசைத்தட்டாகக் கடைகளுக்கு வந்தது.

இயந்திரம் உள்ளே வந்த கதை இதைவிட விசித்திரமானது. 1977-இல் பீ ஜீஸ் குழுவினர் பிரான்சில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது, டிரம்ஸ் கலைஞர் டென்னிஸ் பிரையன் குடும்பத் துயரம் ஒன்றால் ஊர் திரும்ப நேர்ந்தது. அவர் ‘நைட் ஃபீவர்’ பாடலுக்கு ஏற்கெனவே வாசித்திருந்த இரண்டு சுற்றுகளை மட்டும் நாடாவில் வெட்டியெடுத்து, நுனிகளை ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டனர். ‘ஸ்டேயிங் அலைவ்’ பாட்டின் தாளம் அதுவே. இல்லாத அந்த வாசிப்பாளருக்கு பெர்னார்ட் லூப் என்று விளையாட்டாகப் பெயரும் சூட்டப்பட்டது.

அதே ஆண்டு மியூனிக்கில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லோட்டும் டோனா சம்மருக்காக உருவாக்கிய ‘ஐ ஃபீல் லவ்’, பின்வந்த மின்னணு நடன இசைக்கெல்லாம் மூலமாகக் கருதப்படுவது. அதில் பேஸ் இசையை மூக் சிந்தசைசர் என்னும் மின்னணுக் கருவி வாசித்தது. ஹை-ஹாட்டின் சீறலைக்கூட அக்கருவியின் இரைச்சல் ஒலியை நறுக்கியே செய்துகொண்டார்கள். பேஸ் டிரம்மின் அழுத்தத்தை மட்டும் அந்தக் கருவியால் தர முடியாமற்போகவே, கீத் ஃபோர்ஸி என்ற டிரம்ஸ் கலைஞர் அமர்ந்து, பாட்டு முழுவதற்கும் அதைத் தம் காலாலேயே மிதித்துக் கொடுத்தார்.