சின்ன வெங்காயத்தில் இலைப்பேன்: இயற்கை முறையில் சமாளிப்பது எப்படி?

திருச்சி மன்னார்புரத்திலும் ஸ்ரீரங்கத்திலும் வீடுகளில் அன்றாடம் உரிக்கப்படும் சின்ன வெங்காயம் பெரும்பாலும் பெரம்பலூர், செட்டிகுளம், துறையூர் பக்கத்துக் காடுகளில் விளைந்து வருவது. மருந்து அடிக்காத வெங்காயம் கிடைக்குமா என்று கேட்டு வாங்குவோர் இன்று நகரில் உண்டு. அதை நம்பி இயற்கை முறைக்கு மாறும் சிறு விவசாயிகளை முதலில் சோதிப்பது இலைப்பேன் என்னும் சிறு பூச்சி.

ஒரு ஏக்கர் நடவுக்கு சுமார் 600 கிலோ விதை வெங்காயம் தேவை. செலவின் பெரும்பங்கு நடும் அன்றே மண்ணுக்குள் போய்விடுகிறது. பிறகு பூச்சி மிஞ்சினால் விதைக்குப் போட்ட பணமும் திரும்பாது. ஆகவே, இரசாயன மருந்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் வேப்பெண்ணெயை அடிப்பது மட்டுமே இயற்கை முறை என்று எண்ணக் கூடாது. பூச்சி எப்போது வருகிறது, எங்கே தங்குகிறது என்று அறிந்து, அது பெருகும் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

பூச்சியின் வாழ்க்கை

இலைப்பேன் 1 மில்லிமீட்டர் நீளமே உள்ள, மஞ்சள் அல்லது பழுப்பு நிறப் பூச்சி. தாய்ப்பூச்சி ஆண் துணையின்றியே இனம் பெருக்கவல்லது. முட்டையை இலைத் திசுவுக்குள் செருகி வைக்கும். வெளிவரும் குஞ்சுகள் செடியின் கழுத்தில், இளம் இலைகளின் இடுக்கில் ஒளிந்துகொண்டு இலையைச் சுரண்டிச் சாறு உறிஞ்சும். சுரண்டிய இடம் வெள்ளித் திட்டாகத் தெரியும்; பிறகு நுனி காய்ந்து சுருளும். அந்தக் காயங்களின் வழியே ஊதாக் கொப்புள நோயும் எளிதில் நுழையும். வளர்ந்த குஞ்சு பெரும்பாலும் மண்ணில் இறங்கி, சில நாள் உணவின்றிக் கூட்டுப்புழுவாக இருந்து, பூச்சியாகி மேலே வரும்.

வெயில் காலத்தில் ஒரு தலைமுறை முடிய 2 முதல் 3 வாரம் ஆகும். சின்ன வெங்காயத்தின் வயதோ 65 முதல் 70 நாள். அதற்குள் பூச்சிக்குக் குறைந்தது மூன்று தலைமுறைக்கு அவகாசம் உண்டு. முதல் தலைமுறை கண்ணில் படாது. இரண்டாவது ஆங்காங்கே வெள்ளைத் திட்டாகத் தெரியும். மூன்றாவது, வெங்காயம் பருக்கும் சமயத்தில் பெருந்திரளாக வந்து நிற்கும். அப்போது எதைத் தெளித்தாலும் பலன் குறைவு. முதல் தலைமுறையை ஒடுக்கி, பெருக்கத்தை 15 நாள் தள்ளிப் போட்டாலே காய் திரண்டுவிடும். பூச்சியை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, தாமதப்படுத்தினால் போதும்.

நடவுக்கு முன் செய்ய வேண்டியவை

வெங்காயம், பூண்டு, பருத்தி ஆகிய மூன்றிலும் இந்த இலைப்பேன் வாழும். இவற்றை எடுத்த நிலத்தில் உடனே வெங்காயம் நடக் கூடாது. இடையில் மக்காச்சோளம், சோளம், கம்பு போன்ற தானியப் பயிர் ஒன்று வருவது நல்லது. பழைய வெங்காயத் தாள்களை வரப்பில் குவித்து வைக்காமல் மக்குக் குழியில் போட்டு மூட வேண்டும்.

அறுவடைக்கு நிற்கும் வெங்காயக் காட்டிலிருந்து காற்று வீசிச் செல்லும் பக்கத்தில் புதிதாக நடுவதைத் தவிர்க்க வேண்டும். அங்கே தாள் சாயத் தொடங்கியதும் பூச்சிகள் காற்றோடு புதுப் பயிருக்கு வந்து சேரும். அக்கம்பக்கத்து விவசாயிகள் பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் நட்டால் இந்தத் தொல்லை குறையும்.

நடவுக்கு 25 முதல் 30 நாட்களுக்கு முன்பே காட்டைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் நெருக்கமாக விதைக்க வேண்டும். இலைப்பேன் வலுவாகப் பறக்கத் தெரியாத பூச்சி. காற்றில் மிதந்து வருவதை இந்த உயிர்வேலி தடுக்கும். நடவு நாளில் விதைத்த மக்காச்சோளம் வளர்ந்து மறைப்பதற்குள் பூச்சி உள்ளே வந்துவிடும்.

கடைசி உழவில் ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழு உரமும் 100 கிலோ வேப்பம் புண்ணாக்கும் இடலாம். மணிச்சத்து, சாம்பல் சத்துடன் தழைச்சத்தும் அளவாக இருக்க வேண்டும். தழைச்சத்து மிஞ்சினால் இலை கொழுத்து மென்மையாகும்; பூச்சிக்கு அதுவே விருந்து.

தை, மாசியில் நட்டால் பங்குனி வெயிலில் காய் பருக்கும். வறட்சியும் வெப்பமும் இலைப்பேனுக்கு உகந்தவை. முதன்முதலாக இயற்கை முறைக்கு மாறுவோர் அந்தப் பட்டத்தில் தொடங்காமல் இருப்பது நல்லது.

நட்ட பின் கவனிப்பு

15ஆம் நாள் முதல் 5 நாட்களுக்கு ஒரு முறை காட்டுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். ஐந்து இடங்களில், இடத்துக்கு நான்கு செடியாக 20 செடிகளின் கழுத்து இலைகளை விரித்து எண்ண வேண்டும். செடிக்குச் சராசரி 30 பூச்சி என்பது இரசாயன மருந்து தெளிப்போருக்குச் சொல்லப்படும் அளவு. இயற்கை முறையில் அதுவரை காத்திருக்கக் கூடாது. வேம்பு பூச்சியை உடனே வீழ்த்துவதில்லை. தின்பதைக் குறைத்து, குஞ்சுகள் தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. ஆகவே செடிக்கு 5 முதல் 10 குஞ்சுகள் தெரிந்தாலே தெளிப்பைத் தொடங்க வேண்டும்.

ஏக்கருக்கு 8 முதல் 10 நீல நிற ஒட்டும் பொறி வைக்கலாம். பூச்சி வரத்தை முன்கூட்டி அறிய இவை உதவும். பொறி மட்டுமே பயிரைக் காத்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது.

தெளிப்பு நீர்ப் பாசனம் உள்ளவர்களுக்கு நீரே ஒரு மருந்து. குஞ்சுகளை அது கழுவித் தள்ளும். ஆனால் காலையில்தான் பாய்ச்ச வேண்டும். மாலையில் நனைந்த இலை இரவெல்லாம் ஈரமாக நின்றால் பூசண நோய் பரவும்.

வேப்பங்கொட்டைக் கரைசல்

ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் தேவை. அதற்கு 10 கிலோ வேப்பம் பருப்பு வேண்டும். நிழலில் உலர்த்திய, 8 மாதத்துக்கு மேற்படாத கொட்டையாக இருப்பது அவசியம். பருப்பை இடித்து, துணியில் கட்டி, 20 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். காலையில் பிழிந்து வடிகட்டி, மீதி நீரைச் சேர்த்து 200 லிட்டராக்கலாம். 10 லிட்டர் கைத்தெளிப்பான் மட்டுமே உள்ளவர்கள் ஒரு டாங்குக்கு அரைக் கிலோ பருப்பு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வெங்காய இலையின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. கரைசல் ஒட்டாமல் உருண்டு விழும். எனவே 10 லிட்டருக்கு 20 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்ப்பது கட்டாயம். வெயிலில் வேம்பின் வீரியம் கெடும்; மாலை 4 மணிக்கு மேல் தெளிக்க வேண்டும். தெளிப்பான் முனையைச் செடியின் கழுத்தை நோக்கிப் பிடிக்க வேண்டும். இலை நுனி நனைந்து கழுத்து நனையாவிட்டால் உழைப்பு வீண். 7 முதல் 10 நாள் இடைவெளியில் மீண்டும் தெளிக்கலாம்.

மழை மூட்டமும் ஈரக்காற்றும் உள்ள நாட்களில் பெவேரியா அல்லது லெக்கானிசிலியம் என்னும் நன்மை செய்யும் பூசணத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் மாலையில் தெளிக்கலாம். கொளுத்தும் வெயிலில் இது பிழைக்காது. தாமிரம் கலந்த மருந்துகளுடன் சேர்க்கக் கூடாது. வாங்கும்போது காலாவதி நாளைப் பார்ப்பது நல்லது.

வெங்காய ஈயும் பச்சைப் புழுவும்

இயற்கை முறையில் தனியாகக் கவனிக்க வேண்டியது வெங்காய ஈ. மக்காத சாணமும் அழுகும் தழையும் இந்த வகை ஈக்களை முட்டையிட அழைக்கும். புழு காயைக் குடைந்து அழுகச் செய்யும். செடி மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வரும். நன்கு மக்கிய எருவை மட்டும் இடுவதே முதல் தடுப்பு. தாக்கிய செடிகளைக் காயோடு பிடுங்கிக் காட்டுக்கு வெளியே ஆழப் புதைக்க வேண்டும்.

பச்சைப் புழு குழல் போன்ற இலைக்குள் புகுந்து பச்சையத்தைத் தின்னும். உள்ளே போன பின் தெளிப்பு எட்டாது. இலை மேல் பஞ்சு போல் தெரியும் முட்டைக் குவியலைக் கிள்ளி அழிப்பதே எளிது. புழு சிறிதாக வெளியில் இருக்கும்போது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்து பலன் தரும். இனக்கவர்ச்சிப் பொறி வைப்போர், கடையில் புழுவின் பெயரைச் சொல்லி அதற்குரிய கவர்ச்சிப் பொருளையே வாங்க வேண்டும். புகையிலைப் புழுவுக்கு உரிய பொருள் பச்சைப் புழுவின் அந்துப் பூச்சியை ஈர்க்காது.

பூச்சியா, நோயா?

இலை சுருண்டாலே இலைப்பேன் என்று முடிவு கட்டக் கூடாது. திருகல் நோயிலும் இலை முறுக்கும். கழுத்து வழக்கத்துக்கு மேல் நீளும். அது பூசண நோய். பூச்சி விரட்டியால் தீராது. கழுத்தை விரித்துப் பார்த்து, பூச்சியோ வெள்ளித் திட்டோ இல்லாவிட்டால் நோயைச் சந்தேகிக்கலாம். ஐயம் இருப்பின், வேரோடு பிடுங்கிய செடியை எடுத்துக்கொண்டு திருச்சி மாவட்டத்தார் சிறுகமணி வேளாண்மை அறிவியல் நிலையத்தையும், பெரம்பலூர் மாவட்டத்தார் வாலிகண்டபுரத்திலுள்ள நிலையத்தையும் அணுகலாம்.

சான்றும் சந்தையும்

அங்ககச் சான்றிதழ் பெற விரும்புவோருக்கு, வெங்காயம் போன்ற குறுகிய காலப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு மாறுதல் காலம் உண்டு. அந்தக் காலத்தில் இரசாயனம் எதுவும் இடக் கூடாது. ஆனால் அங்கக விளைபொருள் என்று முழுச் சான்றோடு விற்கவும் இயலாது. எந்த இடுபொருள் வாங்கினாலும் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல், தெளித்த மறுநாளே பூச்சி மடியும் என்று சொல்லி விற்கும் புட்டிகளை வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. அதில் இரசாயனம் கலந்திருந்தால் இரண்டு ஆண்டு உழைப்பும் போய்விடும்.

முழு நிலத்தையும் ஒரே பட்டத்தில் மாற்ற வேண்டிய அவசியமில்லை. முதலில் கால் ஏக்கரில் மக்காச்சோள வேலி, மக்கிய எரு, 15ஆம் நாள் முதல் எண்ணிக்கை, தக்க நேரத்தில் வேப்பங்கொட்டைக் கரைசல் என்று ஒரு பட்டம் செய்து பார்த்து, செலவையும் விளைச்சலையும் நோட்டில் எழுதி வைக்கலாம். கணக்கு ஒத்து வந்தால் அடுத்த பட்டத்தில் பரப்பைக் கூட்டலாம். கைம்முதல் குறைந்த சிறு விவசாயிக்கு இதுவே ஏற்ற வழி.