உங்களுக்குத் தெரியுமா? தவளை துப்பறியும், வாத்து வழக்கை முடிக்கும்!

மர்மம்! விசாரணை! துப்பறிய வருகிறார்... யார்? டீயை உறிஞ்சியபடியே குற்றவாளியைப் பிடிக்கும் நம்ம கதைத் துப்பறிவாளர் சங்கர்லாலா? இல்லை. ஒரு தவளை!

நிஜம்தாங்க! விளையாட்டின் பெயர் 'ஃப்ராக் டிடெக்டிவ்'. கிரேஸ் ப்ரக்ஸ்னர், தாமஸ் பௌகர் என்ற ஆஸ்திரேலியக்காரர்கள் உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டு. முதல் பாகம் வெளிவந்தது 2018-ல். ஒரு தீவில் பேய் சத்தம் கேட்கிறதாம். விசாரிக்கக் கிளம்புகிறது தவளை!

அந்தத் தவளை முதல் தரத் துப்பறிவாளர் என்று நினைத்தீர்களா? அதற்கு இரண்டாவது இடம்தான்! முதலிடத்தில் இருப்பது ஒரு சிங்கி இறால்!

தவளையின் கையில் பெரிய பூதக்கண்ணாடி இருக்கிறது. அதை வைத்துக் கண்டுபிடிக்கக்கூடிய துப்புகள் எத்தனை? பூஜ்யம்! தூக்கிப் பிடித்தால் எதிரில் இருப்பது பெரிதாகத் தெரியும். அவ்வளவுதான்!

தேனியில் பஸ் ஏறி, மடியில் கம்ப்யூட்டரைத் திறந்தால், சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டிக் கம்பத்தில் இறங்குவதற்குள் வழக்கே முடிந்துவிடும். மொத்த விளையாட்டும் சுமார் ஒரு மணி நேரம்!

இரண்டாம் பாகம் 2019-ல் வந்தது. அதில் தவளைக்கு வந்த வழக்கு கண்ணுக்கே தெரியாத ஒரு மந்திரவாதியைப் பற்றியது!

கண்ணுக்குத் தெரியாத ஆசாமியைத் தேடுவது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? தேவாரம் பக்கம் பொட்டிப்புரம் மலையைக் குடைந்து, சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடிக்கத் திட்டம் போட்டார்களே! பொறிக்காகத் திட்டமிட்ட இரும்பு எவ்வளவு தெரியுமா? 50,000 டன்!

அந்த ஆசாமி லேசுப்பட்டவர் இல்லை. உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். சூரியனிலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள் அதன் வழியே இந்த நொடியில் நுழைந்து வெளியேறிவிட்டன. எண்ணிக்கை சுமார் 6,500 கோடி! எதிர்ப்பும் வழக்குகளும் சேர்ந்து சுரங்கத்தைத்தான் நிறுத்தின. நியூட்ரினோ நிற்கவில்லை!

சரி, தவளையை விடுங்கள். வாத்துக்கு வருவோம்!

யூஜின் மெக்குவாக்லின். தொழில்: துப்பறிதல். குடும்ப நிலை: விவாகரத்து ஆனவர். கெட்ட பழக்கம்: ரொட்டி! ஆமாம், ரொட்டிக்கு அடிமையான வாத்து! 2024 மே மாதம் வந்த 'டக் டிடெக்டிவ்' என்ற விளையாட்டின் நாயகர் இவர்தான். உருவாக்கியது பெர்லினில் இருக்கும் ஹேப்பி ப்ரோக்கலி கேம்ஸ் என்ற சின்னக் குழு!

வழக்கு என்ன? கொலையா? வைரக் கொள்ளையா? ஒரு பஸ் கம்பெனி ஆபீசில் யாரோ ஒருவருடைய மதியச் சாப்பாட்டை எடுத்துவிட்டார்கள்! கேட்டுக்கேட்டு, பார்த்துப்பார்த்து, கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். பள்ளிக்கூடப் பரீட்சையில் நம்மைப் பாடாய்ப் படுத்திய அதே கோடிட்ட இடங்கள்!

ரொட்டிக்கு அலையும் வாத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? அரிசிக்கு அலைந்த யானை கம்பத்துக்கே வந்ததே!

அரிக்கொம்பன்! கேரளத்துச் சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றவன். 2023 ஏப்ரல் 29-ல் அவனைப் பிடிக்க நின்றவை 4 கும்கிகள்! கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மேகமலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மே 27 அன்று கம்பம் வீதிக்குள் நடந்து வந்தான்! ஊருக்கே 144 தடை உத்தரவு!

யானை எங்கே? சிக்னல் எங்கே? திராட்சைத் தோட்டத்திலா, சுருளிப்பட்டிப் பக்கமா? அதிகாரிகளின் கையில் இருந்தது ரேடியோ காலர் அனுப்பும் இருப்பிடத் தகவல். எந்த விளையாட்டுக் கம்பெனியும் இப்படி ஒரு கதையை யோசித்ததில்லை! (ஆனால் ஒரு மனித உயிர் போனது. அந்த இடத்தில் மட்டும் ஆச்சரியக்குறி போட மனசு வரவில்லை.) ஜூன் 5 அதிகாலை சின்ன ஓவுலாபுரம் அருகே மயக்க ஊசி. அடுத்து களக்காடு முண்டந்துறைக் காடு. கம்பத்துக்குள் நுழைந்ததிலிருந்து பிடிபட்டது வரை வெறும் 9 நாள்!

பறவை வக்கீலைப் பார்த்திருக்கிறீர்களா? 'ஏவியரி அட்டர்னி' விளையாட்டில் வாதாடுவது ஒரு வல்லூறு! உதவிக்கு ஒரு சிட்டுக்குருவி. இடம் பாரிஸ், ஆண்டு 1848!

அந்த விளையாட்டின் ஓவியர் யார்? கிராண்ட்வில் என்ற பிரெஞ்சுக்காரர். விளையாட்டு வந்தது 2015-ல். ஓவியர் இறந்தது 1847-ல்! 168 வருடம் முன்பே கண்ணை மூடியவரின் கேலிச்சித்திரங்களை அப்படியே எடுத்து ஆட விட்டிருக்கிறார்கள்!

இசையும் அப்படித்தான். அதே பிரான்சின் சான்-சான்ஸ் 1886-ல் எழுதிய விலங்குகளின் திருவிழா இதில் ஒலிக்கிறது. "நான் உயிரோடு இருக்கும்வரை இதை அச்சிடக் கூடாது" என்று பிடிவாதமாக இருந்தாராம் மனுஷன்! அச்சேறியது அவர் இறந்த மறுவருடம், 1922-ல்!

பிரான்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம்ம கம்பம் பன்னீர் திராட்சை தமிழ்நாட்டுக்கு வந்தது ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கையால் என்கிறார்கள். ஆண்டு 1832! வல்லூறு வக்கீல் கோர்ட் ஏறுவதற்கு 16 வருடம் முன்பே! புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல்தான்!

சேவல் போலீஸ் தெரியுமா? ஹங்கேரியில் செய்தது, 2020-ல் வந்தது. 'சிக்கன் போலீஸ்' என்று பெயர். மனித உடம்பு, கோட்டு சூட்டு, மேலே நிஜமான சேவல் தலை! நம்ம பக்கம் சேவலை வைத்து என்னென்னவோ செய்திருக்கிறோம். லத்தி மட்டும் கொடுத்ததில்லை!

இதுவரை விலங்குகள். இப்போது கொலைகாரி!

'ஓவர்போர்டு'. 1935-ல் ஒரு கப்பல். கணவனைக் கடலில் தள்ளிவிட்டாள் வெரோனிக்கா. அவள்தான் நாயகி! துப்பறிய வேண்டாம், தப்பிக்க வேண்டும்! பழியை இன்னொருவர் தலையில் கட்ட வேண்டும். நியூயார்க் கரை வர 8 மணி நேரம்தான் இருக்கிறது! இங்கிலாந்தின் இங்க்கிள் நிறுவனம் இதைச் செய்து முடிக்க எடுத்துக்கொண்டது 100 நாள்!

அதையும் மிஞ்ச ஒன்று இருக்கிறது. நாயகர் யாரென்றே முதலில் தெரியாத விளையாட்டு! 2015-ல் சாம் பார்லோ செய்த 'ஹர் ஸ்டோரி'. ஒரு பழைய போலீஸ் கம்ப்யூட்டர். அதில் ஒரு பெண்ணிடம் நடந்த விசாரணையின் 271 துண்டு வீடியோக்கள்! தேடும் கட்டத்தில் நீங்கள் ஒரு சொல்லைத் தட்டினால், முதல் 5 மட்டும் வரும். எல்லாவற்றிலும் ஒரே நடிகை, விவா சைஃபர்ட்! தேடுகிறவரின் முகம்? கம்ப்யூட்டர் கண்ணாடியில் மங்கலாக ஒரு பிம்பம். அவ்வளவுதான் கிடைக்கும்!

இப்போது என் செல்லம்! 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. நாயகர் ஒரு இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர்! அதுவும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்! காணாமல் போன கப்பல் 1807-ல் ஆளே இல்லாமல் கரைக்கு வருகிறது. புறப்பட்டவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார் என்று கணக்கு எழுத வேண்டும். நஷ்ட ஈடு கொடுக்கணுமே!

கையில் ஒரு பாக்கெட் கடிகாரம். பிணத்தருகே அதைத் திறந்தால், அந்த ஆள் செத்த நொடி அப்படியே உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து பார்க்கலாம்! எந்த முகத்துக்கு எந்தப் பெயர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படுக்கைத் தொட்டிலின் எண், பேச்சின் வாடை, காலில் கிடக்கும் ஜோடு... இவற்றை வைத்துப் பெயரைப் பிடிக்க வேண்டும். பட்டியலில் இந்திய மாலுமிகளும் உண்டு! மூன்று பேரின் கதியைச் சரியாகச் சொன்னால்தான் புத்தகம் ஒப்புக்கொள்ளும். சும்மா அடித்துவிட்டால் ஒன்றும் நடக்காது!

இதைச் செய்தது எத்தனை பேர் கொண்ட கம்பெனி? ஒரே ஒருவர்! லூகாஸ் போப். நான்கு வருடத்துக்கு மேல் உழைத்து, 2018-ல் வெளியிட்டார். நிறமே கிடையாது. வெறும் கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி!

காலில் கிடப்பதை வைத்து உண்மையைக் கண்டுபிடிப்பதா, அது வெளிநாட்டுக்காரன் மூளை என்கிறீர்களா? நம்ம கண்ணகி என்ன செய்தாள்?

சிலப்பதிகாரத்தை ஒரு கேஸ் கட்டாகப் பிரித்துப் பாருங்கள். திருட்டுப்போன பொருள், அரசியின் சிலம்பு. பொய்ச் சாட்சி, பொற்கொல்லன். விசாரணை, இல்லவே இல்லை! கோவலன் வெட்டுப்பட்ட பிறகு, கையில் மிச்சமிருந்த ஒற்றைச் சிலம்போடு சபைக்குள் நுழைகிறாள் மனைவி. ஒரே கேள்வி: உள்ளே இருக்கும் பரல் எது? அரசியின் சிலம்பில் முத்து. இவளுடையதில் மாணிக்கம். உடைத்தாள், தெறித்தது, வழக்கு முடிந்தது! தடயவியல் கூடம் இல்லை, வக்கீல் இல்லை. ஒரே ஒரு தடயம்!

அந்தக் கண்ணகிக்குக் கோயில் எங்கே? கம்பம் பள்ளத்தாக்கின் தலைக்கு மேலே! தமிழக–கேரள எல்லையில் மங்கலதேவி மலை, ஆயிரம் மீட்டருக்கும் அதிக உயரம். பளியன்குடியிலிருந்து காட்டுவழியே ஏறிப்போகலாம். ஆனால் நினைத்த நாளில் முடியாது. சித்ரா பௌர்ணமிக்கு மட்டும்தான் அனுமதி. வருடத்துக்கு ஒரே நாள்!

குமரிக்கண்டம் பேசாத தமிழர் உண்டா? லாத்வியாவில் இரண்டு சகோதரர்களும் பேசியிருக்கிறார்கள் போல! அவர்கள் 2022-ல் செய்த 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்', ஒரு தங்கச் சிலைக்காக விழும் பிணங்களின் கதை. அந்தச் சிலை, நாம் குமரிக்கண்டம் என்று சொல்லும் லெமூரியாவிலிருந்து வந்ததாம்! பிறகு சேர்த்த கூடுதல் கதைகளில் ஒன்றின் பெயர் 'இலங்கையின் சிலந்தி'! இன்னொன்று 'லெமூரிய ரத்தக்காட்டேரி'! லெமூரியா என்ற பெயரை முதலில் சொன்னவர் நம்மவர் இல்லை, ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். ஆண்டு 1864!

இதற்கெல்லாம் தாத்தா யார்? 1980-ல் வந்த 'மிஸ்டரி ஹவுஸ்'! அமெரிக்காவின் கென், ராபர்ட்டா வில்லியம்ஸ் தம்பதி வீட்டிலேயே செய்தது. மொத்தம் 70 கோட்டுப் படம். விலை 24.95 டாலர். கடைக்குப் போனது எப்படி? ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு!

நம்ம நாட்டில்? அகமதாபாத்தின் மசாலா கேம்ஸ் 'டிடெக்டிவ் டாட்சன்' என்று ஒரு துப்பறிவாளரை இறக்கியிருக்கிறது. ஆட்டோ, டீக்கடை, இடையில் டான்ஸ்!

கடைசிக்கு முன் ஒரு கேள்வி. துப்பறிய வேண்டிய மர்மம் இட்லி என்றால்? நாயகி ஒரு தமிழ் அம்மா என்றால்?

'வெண்பா'! கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் செய்தது. 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. 1980-களில் கனடாவில் குடியேறி வாழும் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். கையில் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு. அது கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரி என்ன என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

கொலை இல்லை, பிணம் இல்லை. ஆனால் துப்பு இருக்கிறது! முதல் வழக்கே இட்லித் தட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி அடுக்குவது? துளைகளைப் பாருங்கள். மேல்தட்டுக்கு ஆவி போக வழி வேண்டாமா? கீழே குழி இருக்கும் இடத்தில் மேலே துளை வர வேண்டும்! சின்னமனூரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் இதற்கு மண்டையை உடைத்துக்கொண்டார்கள்!

அடுத்து புட்டு, பிரியாணி, ரசம். அடுப்பில் வெடிக்கிற கடுகுச் சத்தம்வரை கேட்கும். ரேடியோவில் வரும் பாட்டுகள்கூட காலத்துக்கேற்ற மாதிரி மாறும்!

இதோ, நான் தேடிப் பிடித்ததிலேயே பெரிய மீன்! சுயாதீன விளையாட்டுகளுக்கு அமெரிக்காவில் தரும் சீமஸ் மெக்னாலி பெரும்பரிசு. 2016-ல் வாங்கியது ஹர் ஸ்டோரி. 2019-ல் வாங்கியது ஓப்ரா டின். 2024-ல்? வெண்பா! அதே வருடம் பிரிட்டனின் பாஃப்டாவும் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை இதற்கே கொடுத்தது!

வெண்பாவை விளையாடி முடிக்க ஆகும் நேரம் சுமார் ஒன்றரை மணி. நிஜ இட்லிக்கு மாவு புளிக்கவே 8 மணி நேரம்!