குன்றின் மேல் ஒரு மரக் கோபுரம்

ஒஸ்திரியா நாட்டின் தென்பகுதியிலே கரிந்தியா என்றொரு மாகாணம் உண்டு. அங்கே வேர்தர்சே என்னும் பேரேரிக்குத் தெற்கே, கடல் மட்டத்திற்கு மேல் 851 மீற்றர் உயரத்தில், பிரமிடன்கோகல் என்ற குன்று நிற்கின்றது. ஏரியையும் அப்பாலுள்ள மலைத்தொடர்களையும் ஒருங்கே காண்பதற்கு வாய்ப்பான இடம் அது. அதனால் 1950ஆம் ஆண்டில் அக்குன்றின் உச்சியில் மரத்தாலான காட்சிக் கோபுரம் ஒன்றை எழுப்பினர். பின்னர் அதனிடத்தில் 54 மீற்றர் உயரமான கொங்கிறீற்றுக் கோபுரம் 1968இல் கட்டி முடிக்கப்பட்டது. மரத்தின் காலம் முடிந்து விட்டதென்றே அன்று பலரும் எண்ணியிருப்பர். நடந்ததோ வேறு. 2012 ஒக்டோபரில் கொங்கிறீற்றுக் கோபுரம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. மறு ஆண்டிலேயே அதே இடத்தில் மீண்டும் ஒரு மரக் கோபுரம், 100 மீற்றர் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது!

இப்புதிய கோபுரத்தின் உடலாய் நிற்பவை லார்ச் மரத்தாலான பதினாறு தூண்கள். அவை நேராக நில்லாமல் முறுக்கிய கூடைபோல வளைந்து மேலேறுகின்றன. நீள்வட்டமான பத்து உருக்கு வளையங்கள் அவற்றைப் பிணைக்கின்றன. ஆகவே இது முற்றிலும் மரமன்று. பாரத்தை மரம் தாங்க, உருக்கு அதனைக் கட்டி நிறுத்துகின்றது என்பதே பொருத்தம். இத்துணை நீளமாகவும் வளைவாகவும் எந்த மரமும் காட்டில் வளர்வதில்லை. மெல்லிய பலகைகளை நன்கு உலர்த்தி, வேண்டிய வளைவிலே ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு அழுத்தி ஒரே உத்தரமாக்குகின்றனர். ஒரு பலகையிலுள்ள கணுவோ வெடிப்போ அடுத்த பலகையில் அதே இடத்தில் இராதாகையால், குறை பரவலாகி வலிமை ஒரு சீராக அமைகின்றது. கீழே இறங்குவதற்கு ஏறத்தாழ 120 மீற்றர் நீளமான சறுக்குக் குழாயும் வைத்திருக்கிறார்கள். இயற்கைக் காட்சிக்கு அது தேவைதானா என்பது எமது ஐயம். பிள்ளைகளைக் கேட்டால் வேறு விடை வரும்.

காட்டில் வளர்ந்த மரம், காற்றிலிருந்து உறிஞ்சிய கரியைத் தன்னுள் அடக்கி வைத்துள்ளது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. சீமெந்தைச் சுட்டெடுப்பதிலோ பெருமளவு கரியமிலவாயு வெளியாகின்றது. ஆனால், இக்கணக்கை வைத்து மட்டும் மரத்தைப் புகழ்வது அவசரமாகும். ஒரு மரம் முதிர்ந்து வைரமேறப் பல பத்தாண்டுகள் செல்லும். அதனை வெட்டிக் கட்டிய கோபுரம் அதற்கு முன்னரே உக்கிவிடுமாயின் காட்டுக்கு நட்டமே. வெட்டிய மரத்துக்கு ஈடாக இன்னொன்று வளர்ந்து வரும் காலம் வரையேனும் கோபுரம் நிலைக்க வேண்டும்.

மரத்துக்கு வயதைவிட ஈரமே பெரும் பகை. மரத்திலுள்ள நீர் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்கிற்குக் குறைந்திருக்குமாயின் உக்கச் செய்யும் பூஞ்சணம் அதில் வளர மாட்டாது. வன்னியிலே யானைக் காவலுக்குப் பரண் கட்டும் கமக்காரரைக் கேட்டுப் பாருங்கள்: கால் எங்கே முதலில் உக்கும்? மண்ணோடு ஒட்டிய இடத்திலே என்பார். ஆழத்தில் ஈரமுண்டு, காற்றுக் குறைவு. மேலே காற்றுண்டு, ஈரம் நில்லாது. இரண்டும் கூடுமிடம் நிலமட்டமே. ஆகையால், நெடுங்காலம் நிற்கவேண்டிய மரக் கோபுரத்தின் கால்களை மண்ணில் புதைக்காமல், உயர்த்திய அத்திவாரத்தின் மேல் நிறுத்துவதே முறை. அடுத்த ஆபத்து, குறுக்காக அறுத்த முகம். மரம் உயிரோடிருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் அங்கே வாய் திறந்திருப்பதால், பக்கவாட்டு முகத்தைவிடப் பன்மடங்கு விரைவாக அது நீரைக் குடிக்கும். தலைகளைச் சரித்து வெட்டித் தகட்டால் மூடுவதும், பொருத்துகளில் நீர் தேங்காது இடைவெளி விடுவதும் இதற்காகவே. வரைபடத்தில் இவற்றை மறந்துவிட்டுப் பின்னர் ஆண்டுதோறும் நிறம் பூசிப் பயனில்லை.

லார்ச் மரத்தைத் தேர்ந்ததற்கும் காரணமுண்டு. அதன் உள்வைரம் உக்கலை நன்கு தாங்கும். உள்ளே வைரமுடையதை மரமென்றும் புறத்தே வைரமுடைய பனை முதலியவற்றைப் புல்லென்றும் தொல்காப்பியர் பிரித்து வைத்ததை மாணாக்கர் இவ்விடத்தில் நினைத்துக் கொள்ளலாம். லார்ச்சின் உறுதிக்குச் சான்று போலந்து நாட்டில் நிற்கின்றது. கிளிவித்சே நகரில் 1935இல், வானொலி நிலையத்துக்காக ஏறத்தாழ 111 மீற்றர் உயரத்தில் எழுந்த லார்ச் மரக் கோபுரம் அது. 1939 ஓகஸ்ட் 31ஆந் திகதி இரவு, ஜேர்மன் நாஜிகள் போலந்தின் மீது பழி சுமத்துவதற்காகத் தாமே நாடகமாடித் தாக்கிய நிலையம் அதுவே. கோபுரம் அந்தப் போரையும் கடந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கின்றது. அதன் பொருத்துகளில் உள்ளவை இரும்பாணிகளல்ல, பித்தளை ஆணிகள். இரும்பு கறள் பிடிக்கும். பித்தளைக்கு அந்நோய் இல்லை.

பெரும் பொருள் இன்றியும் நல்ல கோபுரம் அமையலாம் என்பதைப் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கி காட்டியது. அங்குள்ள கோர்க்கேசாரித் தீவின் மிருகக்காட்சிச்சாலைக்கென மாணவரிடையே நடந்த போட்டியில், வில்லே ஹாரா என்னும் கட்டடக்கலை மாணவரின் வரைபடம் வென்றது. 2002இல் அவரும் உடன் மாணவரும் தம் கைகளாலேயே அதனைக் கட்டினர். உயரம் 10 மீற்றர்தான். முன்கூட்டியே வளைத்த 72 நீண்ட சிலாகைகளை அவ்விடத்திலேயே மேலும் வளைத்து முறுக்கி, 600க்கு மேற்பட்ட இடங்களில் ஆணியும் சுரையும் பூட்டி, நீர்க்குமிழி போன்றதொரு கூட்டைப் பின்னினர். அதற்குக் ‘குப்லா’ என்று பெயர். பின்னிய மொழியில் குமிழி என்பதே பொருள். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் கலந்த பூச்சொன்றை இட்டனர். சிலாகைகளுக்கு இடையே காற்றுத் தாராளமாகப் புகுந்து செல்லுமாதலால், மழையில் நனைந்த கூடு வெயில் கண்டதும் உலர்ந்துவிடும்.