ஒரு லிட்டர் தூரம் - 9: பையில் பிடித்த புகை

போன வாரம் கழக்கூட்டம் பைபாஸில் நிறுத்தியிருந்தோம். பைபாஸில் லிட்டருக்கு 19 கி.மீ. கொடுத்த சின்ன கார், கேசவதாசபுரத்துக்குள் நுழைந்ததும் 12-க்கு இறங்கியது நினைவிருக்கும். இந்த வாரம் நடுவழியில் நிற்கும் வண்டிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு விஷயம் கைக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

ஷோரூமில் 'லிட்டருக்கு 24 கி.மீ.' என்று ஒரு எண் சொல்கிறார்களே, அதைக் கண்டுபிடிக்கும் சோதனையில் வண்டி குடித்த பெட்ரோலை யாரும் அளந்து பார்ப்பதில்லை. வண்டி விட்ட புகையைப் பையில் பிடித்து, அதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

புனேயில் 1966 முதல் இயங்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிலையங்களில் இது நடக்கிறது. கார் ஓர் அறைக்குள் உருளைகளின் மேல் நிற்கும். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. காற்றின் எதிர்ப்பும் வண்டியின் எடையும் சாலையில் எவ்வளவு இழுக்குமோ, அந்த இழுவையை உருளையே கொடுத்துவிடும். முன்னால் பெரிய விசிறி. ஓட்டுநரின் கண்ணெதிரே ஒரு திரை, திரையில் ஒரு கோடு. கோடு ஏறினால் வேகத்தைக் கூட்ட வேண்டும், இறங்கினால் குறைக்க வேண்டும். கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விலகக் கூடாது. புகைக்குழாயிலிருந்து வருவதைச் சுத்தமான காற்றோடு கலந்து, அதில் ஒரு பங்கைப் பைகளில் சேர்க்கிறார்கள். ஓட்டம் முடிந்ததும் பையிலிருப்பது பகுப்பாய்வுக் கருவிக்குப் போகிறது.

பெட்ரோலின் எடையில் ஏறக்குறைய 86 சதவீதம் கார்பன். என்ஜினில் எரிந்தாலும் கார்பன் எங்கும் தொலைந்து போவதில்லை. பெரும்பகுதி கார்பன் டை ஆக்ஸைடாகவும், கொஞ்சம் கார்பன் மோனாக்ஸைடாகவும், எரியாமல் தப்பிய சொச்சம் ஹைட்ரோகார்பனாகவும் வெளியே வரும். மூன்றிலும் உள்ள கார்பனைக் கூட்டினால் உள்ளே எவ்வளவு பெட்ரோல் போயிற்று என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த நிறை அழியாமை விதி, நம்முடைய மைலேஜை நிர்ணயிக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த வாரம் முழுக்க இதே யோசனைதான்.

இன்னொரு கணக்கும் இதிலிருந்தே வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அது எரிந்தால் வெளியே வரும் கார்பன் டை ஆக்ஸைடு மட்டும் ஏறத்தாழ 2.3 கிலோ. உள்ளே போனதைவிட மூன்று மடங்கு வெளியே வருவது எப்படி என்றால், மிச்ச எடை காற்றிலிருந்து எடுத்த ஆக்ஸிஜனுடையது. ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்ஸைடு என்று சொன்னால் மைலேஜையும் சொன்னதாகிவிடும். அரசு 2022 முதல் கார் நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் சராசரி வரம்பு கிலோமீட்டருக்கு 113 கிராம். 2,300-ஐ 113-ஆல் வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வந்து நிற்கும்.

அப்படியானால் அந்த 24 பொய்யா? பொய்யில்லை. அந்த அறையில், அந்தக் கோட்டின்படி ஓட்டினால் வண்டி உண்மையாகவே 24 கொடுக்கும். கோடு எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி.

சோதனை ஓட்டம் மொத்தம் 1,180 விநாடி, இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் 780 விநாடி நகர ஓட்டம். 195 விநாடிப் பகுதி ஒன்றை நான்கு முறை திரும்ப ஓட்டுவார்கள். அதில் உச்ச வேகம் 50, சராசரி 19. பின்னால் வரும் 400 விநாடி நெடுஞ்சாலை ஓட்டம், உச்சம் 90. எந்த வேகத்தில் எந்த கியர் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ஐரோப்பாவில் போட்ட கோடு இது. ஐரோப்பாவில் 120 வரை போன உச்ச வேகத்தை நமக்காக 90-ஆகக் குறைத்தார்கள். வாழ்க்கைக்கு ஒத்துவரவில்லை என்று 2017-லேயே ஐரோப்பியர்கள் இதைக் கைவிடத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தக் கோட்டில் என்னை நிறுத்தியது வேறொன்று. நிற்கும் நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 26 விநாடி கொடுத்திருக்கிறார்கள். இருபத்தாறு! பாளையத்தில் சிக்னல் விழுந்ததும் 26 விநாடி எடுத்து 50-ஐத் தொட முயன்று பாருங்கள். பின்னால் வரும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் முதல் ஐந்து விநாடியிலேயே ஹாரனில் கை வைத்துவிடும்.

அதோடு உருளைக்கு மேடு கிடையாது. திருவனந்தபுரமோ மேடும் பள்ளமுமாக அமைந்த ஊர். தம்பானூரில் கிளம்பி ஸ்டாச்யூ, பாளையம், பி.எம்.ஜி., பட்டம், கேசவதாசபுரம் என்று போகிற ஒவ்வொருவருக்கும் இது காலில் தெரியும். ஏற்றத்தில் சிக்னலுக்கு நின்று, ஹேண்ட் பிரேக் போட்டு, அரை கிளட்சில் கிளம்பும் இடங்களில்தான் நம் லிட்டர் கரைகிறது. நாலாஞ்சிறை ஏற்றத்தைத் தினமும் ஏறுகிறவர்களிடம் கேளுங்கள், இரண்டாம் கியரிலேயே பாதி வாழ்க்கை போகிறது என்பார்கள்.

மேட்டின் விலை எவ்வளவு என்று பொன்முடியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு பேர் ஏறிய சின்ன காரை 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 22 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஆயிரம் மீட்டர் உயரம் ஏற ஆகும் ஆற்றல் சுமார் 1 கோடியே 8 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது 3 கோடியே 20 லட்சம் ஜூல். என்ஜின் அதில் கால்வாசியைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலே நல்ல என்ஜின். ஆகவே சமதளத்தில் அதே தூரம் ஓட ஆகும் பெட்ரோலுக்கு மேல், உயரத்துக்கு மட்டுமே ஒன்றேகால் லிட்டருக்கு மேல் கூடுதலாகப் போகும். அரைக்கால் டாங்கோடு விதுரையைத் தாண்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இறங்கும்போது மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கையைப் பிடித்துக் கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். இன்றைய எரிபொருள் இன்ஜெக்ஷன் வண்டியில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சரிவில் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலிலோ என்ஜின் அணையாமல் இருக்க அது குடித்துக்கொண்டே இருக்கும். பெட்ரோலும் வீண், பிரேக்கும் காய்ந்து பிடிக்காமல் போகும்.

ஏ.சி.யையும் சொல்ல வேண்டும். சோதனை அறையில் ஏ.சி. அணைத்திருக்கும். ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் கிழக்கே கோட்டையில் யார் அணைத்து வைப்பார்கள்? அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் எழுத ஒன்றும் இல்லை.

சாலை பஜாரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி, மார்த்தாண்டத்துக்காரர், இந்தத் தொடரைப் படித்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார். பேச்சு பெட்ரோல் விலைக்குப் போயிற்று. திருவனந்தபுரத்தில் பெட்ரோல் 107 ரூபாயைத் தாண்டி நின்ற காலத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் ஏறக்குறைய ஐந்து ரூபாய் குறைவு. கேரளத்தில் விற்பனை வரி மட்டுமே 30.08 சதவீதம், 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்புக்காக லிட்டருக்கு இரண்டு ரூபாய் செஸ் வேறு. தமிழ்நாடோ 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் வரியைக் குறைத்தது. இத்தனைக்கும் மேல், சுத்திகரிப்பு ஆலை கொச்சி அம்பலமுகளில் இருப்பதால் தலைநகரம் கொச்சியைவிடவும் கூடுதலாகக் கொடுக்கிறது.

"அப்போ களியக்காவிளை போய் ஃபுல் டாங்க் அடிச்சிட்டு வந்தா லாபம்தானே அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கணக்குப் போடுங்க தம்பி. போக வர அறுவது கிலோமீட்டருக்கு மேல. நாலு லிட்டர் போச்சா? நானூறு ரூவாய்க்கு மேல. முப்பது லிட்டர் அடிச்சா மிச்சம் நூத்தம்பது. பெட்ரோலுக்காண்டி வண்டிய எடுக்கப்பிடாது. ஊருக்குப் போற வழியில பம்பு வந்தா விடப்பிடாது."

அவர் மாதத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறவர். அவருக்கு அது லாபம். எனக்கும் உங்களுக்கும் இல்லை.

கார்பனிலிருந்து தொடங்கியதால் எத்தனாலைத் தொடாமல் போக முடியாது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீதக் கலப்பு 2025-லேயே வந்துவிட்டது. இன்று பம்பில் நாம் வாங்கும் ஒவ்வொரு லிட்டரிலும் 200 மில்லி வரை எத்தனால். எத்தனாலின் எடையில் 35 சதவீதம் ஆக்ஸிஜன். அது எரிவதற்கு உதவும், தானாக எரியாது. அதனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான். இருநூறு மில்லியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், லிட்டருக்கு 67 மில்லி பெட்ரோல் இல்லாதது மாதிரி. நூற்றுக்கு ஆறேமுக்கால் அளவு.

2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: வெறும் பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும், 10 சதவீதத்துக்காக வடிவமைத்து 20-க்குச் சரிசெய்தவற்றில் 1 முதல் 2 சதவீதம். எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. கரும்பு விவசாயிக்கும் அந்நியச் செலாவணிக்கும் இதில் நன்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பழைய சின்ன கார் வைத்திருப்பவர் பெரும்பாலும் புதிது வாங்க வசதியில்லாதவர். அவருடைய ஆறு சதவீதத்துக்குப் பம்பில் ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி கிடையாது. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

கரமனையில் ஏ.ஜி. ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் மாருதி 800 இன்னும் ஓடுகிறது. 1983 டிசம்பர் 14-இல் முதல் சாவி கொடுக்கப்பட்டு, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி. மூன்று சிலிண்டர், 796 சி.சி. தணிக்கை உத்தியோகம் பார்த்தவர் அல்லவா, தொண்ணூறுகளில் வாங்கிய நாள் முதல் நோட்டுப் போட்டிருக்கிறார். தேதி, கிலோமீட்டர், லிட்டர், பம்பு. ஒருமுறை நிரப்பியதை வைத்து முடிவுக்கு வரமாட்டார். பம்பின் தானியங்கி நிறுத்தம் ஒரு நாள் முன்னால் விழும், ஒரு நாள் பின்னால் விழும் என்பதால் ஐந்து முறைக்கு ஒரு சராசரி எடுப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அந்தச் சராசரி 16-லிருந்து 13-க்கு விழுந்திருக்கிறது. ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கிறார். ஹேண்ட் பிரேக் கேபிள் மழையில் துருப்பிடித்து, லிவரை விட்ட பிறகும் பின் சக்கர பிரேக் ஷூ முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் டிரம்மும் சேர்ந்து போயிருக்கும்.

"எந்தக் கோளாறும் முதல்ல நோட்டுலதான் தெரியும் சார், அப்பறம்தான் சத்தம் கேக்கும்" என்றார்.

டயரில் காற்றுக் குறைவது, ஏர் ஃபில்டர் அடைப்பது, தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கிக்கொள்வது, ஆக்ஸிஜன் சென்சார் தளர்வது எல்லாம் வழியில் வண்டியை நிறுத்துவதற்கு வெகு முன்பே மைலேஜைத் தின்னத் தொடங்கும். டாஷ்போர்டு காட்டும் சராசரியை மட்டும் நம்பாதீர்கள். பல வண்டிகளில் அது கொஞ்சம் தாராளமாகவே சொல்கிறது.

நம்பகம் என்று பேச்சு வந்தால் இந்த ஊரில் பட்டம் அரண்மனையின் பென்ஸைச் சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். உத்ராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950-களில் வாங்கி, 2013-இல் காலமாகும் வரை கூடவே வைத்திருந்த 180 ரக வண்டி, எண் கேன் 42. சின்ன கார் கணக்கில் அது வராது. ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே வண்டியை ஒருவர் எப்படிக் காப்பாற்றினார் என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது. அதையும் சேர்த்து அடுத்த வாரம்.

தொடங்குவது ரப்பர் குழாயிலிருந்து. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் குழாய், கேஸ்கெட், சீல்கள் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டி உங்களிடம் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து, பெட்ரோல் குழாய் என்ஜினில் சேரும் இடத்தில் வெடிப்போ ஈரமோ தெரிகிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

(தொடரும்)