கச்சான் காற்றில் காயும் விறகு

புல்மோட்டை என்றால் நாட்டுக்கே முதலில் நினைவு வருவது அதன் கறுப்பு மணல்தான். இல்மனைட்டும் ரூட்டைலும் சேர்ந்த அந்த மணல் கப்பலேறிப் போகிறது. ஊருக்குள் வந்து குசினிகளின் பின்புறம் பார்த்தால் வேறொரு குவியல் தெரியும்: கொட்டிலுக்குள் அடுக்கிய விறகு. 2012 குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விறகில்தான் சமைத்தன. 2022 இல் எரிவாயு கிடைக்காமல் போய், 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியபோது, விறகடுப்பை மறந்திருந்த நகரத்து வீடுகளும் அதைத் தேடின. அப்போது பலர் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதற்குக் காரணம் ஈரம்.

அன்று வெட்டிய மரத்தின் நிறையில் பாதிவரை தண்ணீர் இருக்கலாம். அப்படியான ஒரு கிலோ பச்சை விறகை அடுப்பில் வைப்பவர் அரை லீற்றர் தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறார். அதை ஆவியாக்கவே விறகின் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். அதைவிடப் பெரிய நட்டம் இன்னொன்று. மரக்கட்டை சூடேறும்போது சிதைந்து வாயுக்களை வெளிவிடுகிறது; காய்ந்த விறகின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இப்படிப் பிரிந்து போகும். சுவாலையாக நாம் காண்பது அந்த வாயு எரிவதைத்தான். மிஞ்சும் கரி தணலாகிறது. ஈரம் அடுப்பைக் குளிர்வித்தால் வாயு பற்றுவதற்கு வேண்டிய சூடு இராது. அது எரியாமலே புகையாகக் கிளம்பிக் கண்ணிலும் நெஞ்சிலும் ஏறுகிறது. கூரையில் படிந்திருக்கும் கரியெல்லாம் எரிந்திருக்க வேண்டிய விறகு.

ஊரைச் சுற்றி உலர்வலயக் காடு. பாலை, வீரை, முதிரை என்று வைரம் பாய்ந்த மரங்கள். ஒதுக்கக் காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம். யானை நடமாட்டமும் உண்டு. அதனால் காசு கொடுக்காமல் கிடைக்கும் விறகில் பெரும்பகுதி வளவிலும் தோட்டத்திலும் இருந்தே வரவேண்டும்: கவாத்து செய்த வேப்பங்கிளை, புயலில் சாய்ந்த மரம், தென்னம்பாளை, மட்டை, சிரட்டை, பொச்சு. மரத்திலேயே பட்டு நிற்கும் கிளை நிலத்தில் கிடப்பதைவிட நல்லது. கீழே கிடப்பது மண்ணின் ஈரத்தைக் குடித்து உக்கத் தொடங்கியிருக்கும், கறையானும் ஏறியிருக்கும். அதைக் கையால் தூக்கும் முன் தடியால் ஒருமுறை புரட்டிவிடுங்கள். அடியில் தேளோ பாம்போ இருக்கலாம்.

எந்த மரம் நல்ல விறகு? ஒரே அளவு காய்ந்திருந்தால், கிலோவுக்குக் கிலோ எல்லா மரமும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தைத்தான் தருகின்றன. வேறுபாடு அடர்த்தியில் இருக்கிறது. பாலை சிறு துண்டிலேயே கனத்திருக்கும். மெதுவாக எரிந்து நெடுநேரம் தணல் காக்கும். முருங்கை போன்ற மென்மரம் மளமளவென்று எரிந்து தீர்ந்துவிடும். தீ மூட்ட மென்மரமும் பன்னாடையும், சோறு வேக வன்மரம் என்பது பொருத்தமான பங்கீடு.

கொக்கிளாய்க் களப்புப் பக்கம் போனால் கண்டலைத் தொடாதீர்கள். அது மீன் குஞ்சுகளின் புகலிடம். கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாப்பதாக இலங்கை 2015 இல் அறிவித்தது. அங்கேயே நிற்கும் தில்லை மரத்தைத் தொடாதிருக்க இன்னொரு காரணமும் உண்டு: அதன் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே மறைக்கும். வளவில் வெட்டிய அலரியையும் அடுப்பில் வைக்க வேண்டாம். அதன் புகையும் நஞ்சு.

இனி, காய வைப்பது. மரத்துக்குள் தண்ணீர் ஓடியது நீளவாட்டில் அமைந்த நுண்குழாய்களின் வழியே, வெளியேறுவதும் அப்படித்தான். பக்கவாட்டைவிட வெட்டுமுனை வழியே ஈரம் பத்து மடங்கு வரை விரைவாகப் போகும். பட்டையோ அதைத் தடுத்து வைத்திருக்கும். ஆகவே முழத்துக்கும் குறைவான துண்டுகளாக அறுத்து, பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். பாலையைக் காய்ந்த பிறகு பிளக்கப் போனால் கோடரிதான் வாய் மழுங்கும். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் விறகை ஒரு வருடம், இரண்டு வருடம் காய விடுகிறார்கள். கிழக்குக் கரையில் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிறது; மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரும் வறண்ட சுடுகாற்று. மனிதரை வாட்டும் அந்தக் காற்றே விறகுக்குச் சிறந்தது. கல்லோ குற்றியோ வைத்து நிலத்திலிருந்து உயர்த்தி, துண்டுகளுக்கிடையே காற்றுப் புகும்படி அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். நான்கு பக்கமும் பொலித்தீனால் மூடினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசியில் வாடை மழை தொடங்குமுன் கொட்டிலுக்குள் ஏற்றிவிட வேண்டும். மாரியில் விறகு தேடப் போவது வீண் அலைச்சல்.

காய்ந்ததா என்று அறியக் கருவி வேண்டாம். வெட்டுமுனையில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானாகக் கழலும், இரண்டு துண்டை மோதினால் கணீரென்று கேட்கும். சுள்ளியை முறித்துப் பார்க்கும் உம்மாமாருக்கு அந்த 'டக்' சத்தமே போதும். வளைந்து நார் உரிந்தால் திரும்ப வெயிலுக்குப் போகும். எரியும்போது முனையில் நுரை தள்ளினால் அது இன்னும் பச்சை.

அடுப்பிலும் கவனம் வேண்டும். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பங்கு பக்கவாட்டில் போய்விடுகிறது. 1980களில் இலங்கையில் பரவத் தொடங்கிய 'அனகி' மண் அடுப்பு சுவாலையைச் சுவருக்குள் அடக்கி, ஒரே தீயில் இரண்டு பானைகளுக்குச் சூடு தருகிறது. அதன் வாயை முழுவதும் விறகால் அடைத்துவிட்டால் காற்று நுழையாமல் மறுபடி புகைதான் வரும். மெல்லிய துண்டுகள் இரண்டு மூன்றை நுனி மட்டும் எரியும்படி வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டிருந்தால் ஊதுகுழலுக்கு அதிகம் வேலை வராது.