நுரையில் கூடு கட்டும் நம்ம ஊர் மீன், தெரியுமா?

காலையில் புதுச்சேரி பெரிய மார்க்கெட் மீன் பக்கம் போயிருக்கிறீர்களா? தரையெல்லாம் ஈரம், அரிவாள்மணையில் செதில் தெறிக்கும் சத்தம், ‘வாங்க சார், வஞ்சிரம் பாருங்க’ என்று அக்காக்களின் குரல். அங்கே குவிந்து கிடப்பதெல்லாம் குழம்புக்கு மட்டும்தான் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஒவ்வொரு மீனுக்குப் பின்னாலும் ஒரு குடும்பக் கதை இருக்கிறது! வகுப்பறையில் தொட்டி வைத்து மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கலாம், எந்த மீனை வாங்குவது என்று யோசிக்கும் டீச்சர்கள் கலர் மீன் கடைக்கு ஓடுவதற்கு முன் இங்கே ஒரு சுற்று வரலாம்.

அந்தக் கொடுவாவைப் பாருங்கள். பெரும்பாலும் ஆணாகவே வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறிவிடும், தெரியுமா? பக்கத்தில் கிடக்கும் களவா நேர் எதிர். முதலில் பெண், பிறகு ஆண்! கடல் கெளுத்தியை அறுக்கும்போது வயிற்றில் கோலிக்குண்டு கோலிக்குண்டாய் முட்டை வருமே, பார்த்திருக்கிறீர்களா? மீன் முட்டைகளில் அவ்வளவு பெரியவை அபூர்வம். அவற்றை அடைகாப்பது அப்பா, அதுவும் வாய்க்குள் வைத்து! குஞ்சுகள் நீந்திப் போகும்வரை வாரக்கணக்கில் அவருக்குப் பட்டினி. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீனிலும் வாய்தான் தொட்டில், ஆனால் அங்கே சுமப்பது அம்மா.

அதிசயம் சரி, இவற்றை ஐந்தாம் வகுப்பு மூலையில் வைக்க முடியுமா? கொடுவாவுக்கு வகுப்பறையே தொட்டியாக வேண்டும். கடல் குதிரையில் ஆண்தான் பிள்ளை பெறும் என்று ஆசைப்பட்டு வலையில் சிக்கியதைக் கேட்டுவிடாதீர்கள். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே அட்டவணை!

அப்படியானால் நன்னீர் மீன், விரல் நீளம், பிள்ளைகள் கண்முன்னே குடும்பம் நடத்த வேண்டும். முதலில் எல்லாரும் சொல்வது கப்பி. முட்டையே கிடையாது, நேராகக் குட்டி. ஆணைப் பிரித்துவிட்டாலும், சேமித்து வைத்த விந்தைக் கொண்டே பெண் மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும், தெரியுமா? அதனாலேயே எனக்குக் கப்பி பிடிப்பதில்லை. பார்க்க ஒன்றுமில்லை, எண்ணத்தான் நிறைய இருக்கிறது.

ஜீப்ரா மீன்? 1822இல் கங்கைச் சமவெளி மீன்களை எழுதிய ஹாமில்டன் விவரித்த நம் நாட்டு மீன். இன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் இருக்கிறது. விடியலில் விளக்கைப் போட்டதும் முட்டையிடும். முட்டை கண்ணாடி மாதிரி! மறுநாளே உள்ளே இதயம் துடிப்பதைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்க்கலாம். திங்கட்கிழமை இட்டால் வியாழனுக்குள் குஞ்சு. பள்ளிக்கூட டைம்டேபிளைப் பார்த்தே செய்ததுபோல இருக்கிறது அல்லவா? ஒரே தொல்லை, தன் முட்டையைத் தானே தின்னும். அடியில் கோலிக்குண்டு பரப்புங்கள், இடுக்கில் விழுந்து தப்பிக்கும்.

கொஞ்சம் பொறுமையுள்ள வகுப்புக்கு ஆரஞ்சு குரோமைடு. உப்பங்கழிகளில் வாழும் கரிமீனின் சின்னத் தம்பி. இதன் குஞ்சுகள் பெற்றோரின் தோலில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்று வளரும். மீனில் தாய்ப்பால்! அப்பாவும் கொடுப்பார்!

இனி நான் இவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்த செய்தி. உலக விலங்கியல் பட்டியலில் நம்ம ஊர் அரியாங்குப்பத்தின் பெயரைச் சுமக்கும் ஒரு மீன் இருக்கிறது, தெரியுமா?

1816இல் புதுச்சேரிக்கு வந்த லெஷனோ என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இங்கிருந்து பெட்டி பெட்டியாகச் செடியும் விலங்கும் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அங்கே குவியேயும் வலன்சியெனும் 22 தொகுதிகளில் மீன்களின் வரலாறு எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் 1831இல் ஒரு சின்ன மீன் வந்தது. கிடைத்த இடம் அரியாங்குப்பம் ஆறு. பிரெஞ்சு வாயில் அது ‘அரியன் கூப்பான்’ ஆனது, வாலைப் பிடித்து லத்தீனாக்கினால் ‘குப்பானஸ்’! இன்றைய முழுப்பெயர் சூடோஸ்ஃப்ரோமெனஸ் குப்பானஸ். ரோமானிய ஜாடி ஓடுகள் கிடைத்த அரிக்கமேடு இருப்பதும் இதே ஆற்றங்கரையில்தான்.

ஆறு சென்டிமீட்டர்தான் இருக்கும். வயல் வாய்க்காலிலும் குட்டையிலும் பாசிக்குள் பதுங்கும், கொசுப்புழு தின்னும். மேலே வந்து காற்றை மடமடவென்று விழுங்கிச் சுவாசிக்கும். அதனால் ஏர் பம்ப் வேண்டாம். போட்டால் காரியமே கெடும். ஏன் தெரியுமா? ஆண் மீன் எச்சில் தடவிய காற்றுக்குமிழிகளை ஒன்றொன்றாக ஊதி, இலையடியில் நுரைக்கூடு கட்டும். பம்ப் ஓடினால் கூடு கலையும். முட்டையிடும் நேரத்தில் பெண் மீன் கறுத்துப்போகும். பிள்ளைகள் சத்தமே போடாமல் பார்ப்பது அந்த ஒரு நாள்தான். உதிரும் முட்டைகளை அம்மாவும் அப்பாவும் வாயில் அள்ளி நுரைக்குள் ஒட்டுவார்கள், அப்பா காவல் இருப்பார். சுமார் இரண்டு நாளில் குஞ்சு, இன்னும் இரண்டு மூன்று நாளில் நீச்சல்.

செலவு? ஒரு ஜோடிக்கு இருபது லிட்டர் தொட்டி, ஒரு சாண் தண்ணீர். துள்ளிக் குதிக்கும் மீன், மூடி கட்டாயம். பள்ளிக்கூடத்து வாதாம் மரத்தடியில் உதிர்ந்த காய்ந்த இலை ஒன்று, கூட்டுக்குக் கூரை அதுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். தூசி அளவுள்ள குஞ்சுக்கு வாழைப்பழத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்தால் பெருகும் நுண்ணுயிர்கள் முதல் வாரச் சாப்பாடு, பிறகு ஆர்ட்டீமியா என்ற பொடி இறால். இதை முன்கூட்டியே தயார் செய்யாதவர்கள்தான் ‘குஞ்சு எல்லாம் செத்துப்போச்சு’ என்று புலம்புவார்கள்.

கலர் மீன் கடையில் இது கிடைப்பது அபூர்வம். மழைக்குப் பிறகு பெரியவர் ஒருவர் துணையோடு, கைவலையோடு வாய்க்கால் பக்கம் போங்கள், இரண்டே இரண்டு ஜோடி போதும். கப்பியோ கடை மீனோ மிஞ்சினால் மட்டும் வாய்க்காலில் கொட்டாதீர்கள். அங்கே குப்பானஸ் குடியிருக்கிறது.

இன்னொன்று, தொட்டி வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்: கோடை விடுமுறையில் மீன் யார் வீட்டுக்குப் போகிறது?